நடுத்தாள்

ஏழாவது மாடிக்கும் மேலே
லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து
போனில் காந்தக்கையனைப் படிக்கிறேன்.
அண்ணாநகர் ஆஸ்பத்திரி, ராத்திரி டூட்டி.
விரலெல்லாம் கிரீஸ்.
திரைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை,
விரல்மொளியால் தள்ளினால்தான் நகர்கிறது கதை.

ஒரு கட்டம். தள்ளு. இன்னொரு கட்டம்.
முழுப் பக்கத்தைக் காட்டாது இந்தச் செயலி.
குத்து விடுகிற கட்டத்தைத் திரை நிறைய ஊதிவிட்டு
பல் தெறிக்கிற கட்டத்தை ஒளித்துவைத்திருக்கும்.
நான் பார்த்துக்கொள்கிற லிஃப்டும் இப்படித்தான்,
கதவு திறக்கும்வரை
பிரசவ வார்டா எலும்பு முறிவா, சொல்லாது.

காகிதத்தில் அப்படியில்லை.
முதல் கட்டத்தில் இருக்கும்போதே
கடைக்கண் போய்க் கடைசிக் கட்டத்தைத் திருடிவிடும்.
திருடிய பிறகும்
ஒன்றும் தெரியாதவன் மாதிரி வரிசையாகப் படிப்போம்,
நமக்கு நாமே நல்ல பிள்ளை.

தொண்ணூற்றேழில்
டவுன்ஹால் ரோடு நடைபாதையில்
ஆளுக்கு ஒன்றரை ரூபாய் போட்டு
நானும் துளசிராமும் வாங்கிய புத்தகம் இது.
கலர் இருந்திருக்க வேண்டிய அட்டை, கிழிந்து போயிருந்தது.
உள்ளே கறுப்பு வெள்ளை.
அங்கி சிவப்பு என்று நான், நீலம் என்று அவன்,
அதற்காக மூன்று நாள் பேசவில்லை.
இப்போது பார்க்கிறேன், வெளிர்ப் பச்சை.
கீழே வார்டில் தொங்குகிற திரைச்சீலையின் அதே பச்சை.
சூரத்தில் ஜவுளி ஏஜென்டாக இருப்பவனுக்குப் படம் அனுப்பினேன்.
"கலர மாத்திட்டானுங்கடா" என்று பதில் வந்தது.

அட்டையோடு நடுத்தாளும் இல்லை அதில்.
துருப்பிடித்த பின்னிலிருந்து கழன்று எங்கோ போயிருந்தது.
முப்பதாம் பக்கத்தில்
'அடே அற்பப் பதரே! இனி எங்கே ஒட்டும் உன் காந்தக்கை?'
என்று பித்தளைப் பெட்டியில் பூட்டிக் கடலில் எறிகிறான் வில்லன்.
முப்பத்தைந்தில்
ஈரத்தலையோடு மாடி விளிம்பில் நிற்கிறான் நம்மாள்.

கீலில் இருக்கிற ஆணி இரும்பு, அதை மறந்துட்டான் என்றான் துளசிராம்.
கடலடியில் கிடக்கும் கப்பலின்
நங்கூரத்தைக் கூப்பிட்டிருப்பான் என்றேன் நான்.
ரேடியோக் கடையில் கெஞ்சி வாங்கிய ஸ்பீக்கர் காந்தத்தை
அவன் அம்மாவின் பித்தளைச் செம்புக்குள் வைத்துக் கட்டி
ஓபுளா படித்துறைப் பக்கம்
வைகை தேங்கிக் கிடந்த பள்ளத்தில் எறிந்து சோதித்தோம்.
காந்தமும் வரவில்லை, செம்பும் வரவில்லை.
அடி வந்தது, இரண்டு வீட்டிலும்.

அதற்கப்புறம் அந்தப் பெட்டியை
எத்தனை விதமாகத் திறந்திருப்பேன்.
ஐ.டி.ஐ. பரீட்சைக்கு முந்தின ராத்திரி.
பெண்பார்த்துவிட்டு யாரும் பேசாமல் திரும்பிய பஸ்ஸில்,
திருமங்கலத்திலிருந்து வீடு வரைக்கும்.
இன்றைக்கு, மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய்ச் சந்தாவில்,
முப்பத்தொன்றாம் பக்கம் வந்து நிற்கிறது.
கொஞ்சம் யோசித்தேன். தள்ளிவிட்டேன்.

வில்லன் சாப்பிடுகிறான்.
நாலு பக்கமும் சாப்பிடுகிறான்.
கோழிக்கால், திராட்சை, கையாட்களிடம் பெருமை,
மறுபடி கோழிக்கால்.
பிறகு ஒரு மஞ்சள் பட்டையில்
'எப்படியோ தப்பிய நம் நாயகன்...'

எப்படியோ!
முன்னே பின்னே தள்ளிப் பார்த்தேன்.
அந்தப் பெட்டியைத் திறக்க
ஒருத்தரும் ஒரு கோடுகூட இழுக்கவில்லை.
கோபம் வருமென்று பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது.
துளசிராமுக்கு இதை அனுப்பவில்லை.
அவன் ஆணி அவனிடமே இருக்கட்டும்.

கட்டத்தின் மேலேயே வாட்ச்மேன் பெயர் மின்னியது.
ரெண்டாம் நம்பர் லிஃப்ட்
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் நிற்கிறதாம்.
மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி,
சக்கரத்தைக் கையால் சுற்றுகிறேன்.
விரற்கடை விரற்கடையாக இறங்குகிறது பெட்டி.
"யாராச்சும் இருக்கீங்களா" என்கிறது குழிக்குள்ளிருந்து ஒரு குரல்.
"இருக்கேம்மா."

ஓடி இறங்கி, நாலாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது
தூக்குவாளியோடு வெளியே வந்தவர்
என்னைப் பார்க்கவில்லை.
மூடியைத் தூக்கி, ரசம் சிந்தியிருக்கிறதா என்று பார்த்தார்.
சிந்தவில்லை.
பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு
வார்டுக்குள் போனார்.